வில்லங்கச் சான்று சொல்லாத வில்லங்கம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது கவிதை எழுதலாமா, கதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தையே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். சிவில் படிக்கிற நமக்கு மட்டும் அல்ல, நாளைக்கு ஒரு மனை வாங்கப் போகிற எல்லோருக்கும் இது தேவைப்படும்.

நான் ஓமந்தூர்க்காரன். அப்பா சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் கூலி வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அதனால் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் "தம்பிகிட்ட குடு, அவன் படிச்சுப் பார்க்கட்டும்" என்பார்கள். அப்படித்தான் என் மாமாவின் மனைப் பத்திரமும் என் கைக்கு வந்தது.

மாமா திண்டிவனத்தில் கொத்தனார். இருபது வருஷமாக ஊரார் வீட்டையெல்லாம் கட்டியவர். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று சீட்டு போட்டு, அத்தையின் நகையை அடகு வைத்து, டவுன் ஓரத்தில் 2 சென்ட் மனை ஒன்று வாங்கினார். சுற்றுப்பட்டு விலையை விடக் குறைவாகக் கிடைத்தது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் நான்தான் வரிக்கு வரி படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

அஸ்திவாரம் எடுக்க லெவல் பார்த்து நூல் கட்டிக் கொடுக்க நானும் போனேன். ஒன்றரை அடி தோண்டியதும் மண் சாம்பல் நிறத்தில் வந்தது. கூடவே பொத்தல் பொத்தலாக உலோகத் தகடுகளும், கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகளும் வந்தன. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கதானப்பா முன்ன லாரி பேட்டரி உடைச்சு ஈயம் காய்ச்சுவாங்க. கொட்டகையைப் பிரிச்சுட்டுப் போயி பத்து வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றார். மாமாவுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை அப்போது தோண்டிப் போட்ட மண்ணில்தான் விளையாடிக்கொண்டிருந்தது.

யாருக்குச் சொந்தம், யாரிடம் அடமானம் என்பதை வில்லங்கச் சான்று சொல்கிறது. மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதை எந்தச் சான்றும் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிப்பது எப்படி, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாசுபட்ட நிலம் என்றால் என்ன?

குப்பை கிடக்கிற இடமெல்லாம் மாசுபட்ட நிலம் ஆகிவிடாது. மனிதனுக்கோ மற்ற உயிர்களுக்கோ கெடுதல் செய்யக்கூடிய பொருள், கெடுதல் செய்யும் அளவில் மண்ணிலோ நிலத்தடி நீரிலோ தங்கியிருந்தால்தான் அது மாசுபட்ட நிலம். பழைய தொழிற்சாலை வளாகம், தோல் பதனிடும் இடம், சாயப்பட்டறை, பழைய பெட்ரோல் பங்க், பேட்டரி உருக்கும் கொட்டகை ஆகியவை சந்தேகப்பட வேண்டிய இடங்கள். ஊர் வளரும்போது ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த இந்த இடங்களெல்லாம் ஊருக்கு நடுவே வந்துவிடுகின்றன. பிளாட் போடுகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இதில் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது விஷப்பொருள். இரண்டாவது அது போகிற வழி. மூன்றாவது அது போய்ச் சேருகிற ஆள். மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. உதாரணமாக ஈயம் மண்ணில் சீக்கிரம் நகராது, மேல் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது போகிற வழி தூசி. போய்ச் சேருவது மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கிற குழந்தை. குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும்.

குரோமியம் வேறு மாதிரி. அதில் இரண்டு வகை முக்கியம். மூன்று இணைதிறன் குரோமியம் அவ்வளவாகத் தண்ணீரில் கரையாது, நச்சும் குறைவு. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் நன்றாகக் கரையும், புற்றுநோய் உண்டாக்கும். மழை பெய்தால் நிலத்தடி நீரோடு சேர்ந்து கிணற்றுக்குக் கிணறு போய்விடும். தண்ணீர் மஞ்சளாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லி கிராமும் ஈயம் 0.01 மில்லி கிராமும்தான் இருக்கலாம்.

எப்படி ஆய்வு செய்கிறார்கள்?

மாமாவின் மண்ணை எடுத்துக்கொண்டு முதலில் நம் துறை லேபுக்குத்தான் வந்தேன். திரவ எல்லை, பிராக்டர், சல்லடை ஆய்வு எல்லாம் இங்கே செய்யலாம். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லிவிடலாம். விஷம் இருக்கிறதா என்று சொல்ல இங்கே வசதி இல்லை. அடுத்து விவசாயிகளுக்கான மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல் சத்து நடுத்தரம் என்று அட்டை வந்தது. அவர்கள் வேலை பயிருக்கு உரம் சொல்வது. அதை அவர்கள் சரியாகவே செய்தார்கள். ஈயத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அது இல்லை என்பது எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு எங்கள் துறை சார் ஒருவர் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

முதல் கட்டம் காகித ஆய்வு. இதில் மண்ணைத் தொடுவதே கிடையாது. அந்த இடத்தில் முப்பது நாற்பது வருஷமாக என்னென்ன நடந்தது என்று தேட வேண்டும். பழைய பத்திரங்கள், தொழில் உரிமம், மின் இணைப்பு விவரம், புல வரைபடம், பழைய செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் பேச வேண்டும். பிறகு இடத்தை நடந்து பார்த்து மண்ணின் நிறம், வாடை, செடி முளைக்காத திட்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் விஷயத்தில் டீக்கடைப் பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் முதல் கட்டம்.

இரண்டாவது கட்டம் மாதிரி எடுப்பது. ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளினால் போதாது. மனையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் மேல் மண் தனியாக, ஆழத்து மண் தனியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மண்வெட்டியையும் ஆகரையும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குழியின் விஷம் அடுத்த குழிக் கணக்கில் ஏறிவிடும். கூடவே அதே ஊரில் மாசு இல்லாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். இயற்கையாகவே மண்ணில் கொஞ்சம் உலோகம் இருக்கும் என்பதால் ஒப்பிட அது வேண்டும். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம் வந்த எண்ணை வைத்து முடிவு செய்வது. ஒரே மண் ஓர் உபயோகத்துக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தப்பாகவும் இருக்கலாம். கனடா நாட்டு வழிகாட்டியில் ஒரு கிலோ மண்ணில் ஈயம் விவசாய நிலத்துக்கு 70 மில்லி கிராம், குடியிருப்புக்கு 140, தொழிற்சாலைக்கு 600 என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நெல் விளையவும் குழந்தை விளையாடவும் ஒரு கணக்கு, குடோன் கட்ட வேறு கணக்கு. கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை நிலத்தில் பாதரசத்தை எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதில்தான் பல வருஷம் வாதம் நடந்தது. கிலோவுக்கு 20 மில்லி கிராம் போதும் என்று ஒரு பக்கம், போதாது, இன்னும் கடுமையாக வேண்டும் என்று இன்னொரு பக்கம்.

நான்காவது கட்டம்தான் என்ன செய்வது என்ற திட்டம். மண்ணை அள்ளிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகலாம். மேலே நல்ல மண்ணும் களிமண்ணும் போட்டு மூடலாம். ஆறு இணைதிறன் குரோமியமாக இருந்தால் இரும்பு சல்பேட் போன்ற பொருளைச் சேர்த்து மூன்று இணைதிறன் வகையாக மாற்றலாம். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று முடிவு வந்தாலும் வரலாம். ஆய்வு செய்தால் கெட்ட நிலம் மாட்டிக்கொள்கிறது என்பதோடு, அநியாயமாகச் சந்தேகப்பட்ட நல்ல நிலமும் தப்பித்துக்கொள்கிறது.

யார் பணம் கொடுப்பது?

இங்கேதான் சிக்கல். நாலு இடம், இரண்டு ஆழம் என்றால் எட்டு மாதிரி. தனியார் லேபில் கேட்டபோது அவர்கள் சொன்ன தொகை மாமாவின் இரண்டு மாதக் கூலியைத் தாண்டியது. மாமா சிரித்துவிட்டு, "அந்தக் காசு இருந்தா நான் ஜன்னல் வாங்கிடுவேனே மாப்ள" என்றார். கடைசியில் கையில் இருந்ததை வைத்து ஒரே ஒரு மாதிரி கொடுத்தோம். நான் மேலே சொன்ன 140-ஐப் பல மடங்கு தாண்டி வந்தது. ஆனால் ஒரு மாதிரியை வைத்து மனை முழுவதையும் முடிவு செய்ய முடியாது. மீதி ஏழுக்கும் காசு இல்லை.

மாசுபடுத்தியவர்தான் பணம் கட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். இதை உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது நம் தமிழ்நாட்டு வழக்கில்தான். வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் தர வேண்டும், சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. பாலாற்றங்கரையில் பாதிப்பு தீரவில்லை என்று அதே விஷயம் மறுபடியும் நீதிமன்றம் போய், 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு தீர்ப்பும் வந்தது.

ஆனால் மாசுபடுத்தியவர் இல்லையென்றால்? கம்பெனி மூடிவிட்டது, கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள், யாரென்றே தெரியவில்லை என்றால்? இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இவர்தான் மாசுபடுத்தினார் என்று நிரூபிக்கவே முதலில் ஆய்வு வேண்டுமே, அந்த ஆய்வுக்கு யார் காசு போடுவது? நஷ்டஈடு வாங்குவதற்கு ஆதாரம் தேவை, ஆதாரத்துக்குப் பணம் தேவை. எனவேதான் முதல் பணம் பொதுப் பணமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். பிறகு குற்றவாளி கிடைத்தால் அவரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம்.

ராணிப்பேட்டை சொல்லும் பாடம்

நம் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை, தோல் பதனிடுவதற்குத் தேவையான குரோமியப் பொருள்களைத் தயாரித்தது. 1970-களின் நடுவில் தொடங்கி சுமார் 20 வருஷம் ஓடி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. கழிவை வளாகத்துக்குள்ளேயே மலையாகக் குவித்துவிட்டுப் போனார்கள். அது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. மழைக்காலத்தில் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்தது. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட இடங்கள் என்று வெளியிட்ட பத்துப் பெயர்களில் ராணிப்பேட்டையும் ஒன்று.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் அங்கே நிலத்தடி நீரில் குரோமியம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார்கள். நிலக்கரி மீது 2010-ல் டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டு தேசிய தூய ஆற்றல் நிதி என்று மத்திய அரசு ஒன்றை ஏற்படுத்தியது. ராணிப்பேட்டை உள்பட நாட்டின் சில மாசுபட்ட நிலங்களை ஆய்வு செய்து விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க அந்த நிதியிலிருந்துதான் பணம் வந்தது. அதாவது மின்சாரத்துக்காக எங்கேயோ எரித்த நிலக்கரியின் வரிப்பணம் ராணிப்பேட்டை மண்ணைச் சோதிக்க வந்தது. அந்த நிலக்கரி செஸ் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீங்கிவிட்டது. நிரந்தரமான நிதி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். போபால் கதையும் தெரிந்ததே. 1984 டிசம்பரில் விபத்து நடந்த யூனியன் கார்பைடு வளாகத்தில் மூட்டை கட்டிக் கிடந்த 337 டன் கழிவு அங்கிருந்து வெளியேறியதே 2025 ஜனவரியில்தான்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

நயாகரா நீர்வீழ்ச்சி பக்கத்தில் லவ் கெனால் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு ரசாயனக் கம்பெனி பழைய கால்வாய்ப் பள்ளத்தில் சுமார் 20,000 டன் கழிவைப் புதைத்து மூடியது. 1953-ல் அந்த இடத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. பிறகு வீட்டு அடித்தளங்களில் ரசாயனம் ஊறி வந்தது. 1978-ல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் மனைதான் ஞாபகம் வந்தது. விலை மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேட்க வேண்டும் என்பது உலகம் பூராவும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அதன் விளைவாக 1980-ல் சூப்பர்ஃபண்ட் என்கிற சட்டம் வந்தது. மாசு இருந்தால் பொறுப்பு என் தலையில் விழுமோ என்று பயந்து பாங்குகளும் பில்டர்களும் பழைய தொழிற்சாலை நிலங்கள் பக்கமே போகவில்லை. நகரங்களுக்கு நடுவே நிலங்கள் புதர் மண்டிக் கிடந்தன. இவற்றைப் பழுப்பு நிலம் என்று அழைத்தார்கள். 1995 முதல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உள்ளாட்சிகளுக்கு 2 லட்சம் டாலர் வரை கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னது. சுத்தம் செய்வதற்கு அல்ல, இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு மட்டும். 2002-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் சீரமைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட முடிந்தது. கணக்கு தெரிந்ததும் தனியார் பணமும் வந்தது. அங்கே பயத்தால் நிலம் சும்மா கிடந்தது. இங்கே நாம் பயப்படாமலேயே வாங்கி வீடு கட்டிவிடுகிறோம். இரண்டுக்கும் மருந்து ஆய்வுதான்.

நம் நாட்டில் புதிய விதிகள்

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகளை வெளியிட்டது. அதன்படி உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ தானாகவோ பொதுமக்கள் புகாரின் பேரிலோ சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியல் எடுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும். 90 நாளில் முதல்நிலை ஆய்வு, அதன் பிறகு மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசு உறுதியானால் ஊரறிய அறிவித்து அந்த இடத்தில் கட்டுப்பாடு போட வேண்டும். மாசுபடுத்தியவரையும் 90 நாளில் கண்டுபிடிக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் அல்லது கட்ட முடியாவிட்டால் சீரமைப்புக்கு மத்திய, மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும். நாடு முழுதும் 103 இடங்கள் கண்டறியப்பட்டிருந்தன. விதிகள் வந்தபோது அவற்றில் 7 இடங்களில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது. குப்பைக் கிடங்குகள், கதிரியக்கக் கழிவு, சுரங்கம் ஆகியவை இந்த விதியில் வராது. அவற்றுக்கு வேறு சட்டம் உண்டு.

நம் ஓமந்தூரார் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அன்றே பதில் எழுதத் தொடங்கினார்கள். நிலத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விதி வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் பெரியவர்கள் மன்னிக்கவும். ஒன்று, பெரிய தொழிற்சாலைகளைப் போலவே சின்னக் கொட்டகைகளும் பட்டியலில் வர வேண்டும். பத்து ஏக்கர் நிலத்துக்கு நிபுணர் வருவார், 2 சென்ட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். இரண்டு, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே அந்த இடத்தின் பழைய உபயோகத்தை எழுதி வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விற்பவர் செலவில் சோதனை. மூன்று, ஏற்கனவே வாங்கிவிட்ட ஏழைகளுக்காக நகராட்சிகளிடம் ஆய்வுக்கென்று ஒரு சிறு நிதி இருக்க வேண்டும். நான்கு, முதல் கட்டக் காகித ஆய்வை நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவர்களே செய்யலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சைக்கிளும் நோட்டும், பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த வாயும் போதும். என்.எஸ்.எஸ். முகாமில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால் திண்டிவனத்தில் பழைய பட்டறைகள் எங்கெங்கே இருந்தன என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம்.

மாமாவின் மனை இப்போது அப்படியே கிடக்கிறது. தோண்டிய மண்ணைக் குழிக்குள்ளேயே தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருக்கிறோம். குழந்தையை அங்கே விடுவதில்லை. அரசு மருத்துவமனையில் காட்டியிருக்கிறோம். புதிய விதியைக் குறிப்பிட்டு நான் கைப்பட எழுதிய மனுவை, லேப் ரிப்போர்ட்டின் நகலோடு மாவட்ட நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கியாகிவிட்டது.

போன வாரம் மாமா கேட்டார்: "மாப்ள, நீ படிச்சவன், சொல்லு. அங்க வீடு கட்டலாமா, வேணாமா?" எனக்கு இன்னும் பதில் தெரியாது. மீதி ஏழு மாதிரியையும் சோதித்தால் தெரிந்துவிடும் என்றேன். "அப்ப அதுவரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வேறு ஒருவர் வீட்டுக்குச் செங்கல் வைக்கப் போய்விட்டார்.

நண்பர்களே! நாம் டிப்ளமோ முடித்து வெளியே போனதும் யாராவது நம்மிடம் நூல் கட்டச் சொல்வார்கள். கட்டுவதற்கு முன்னால் "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

— சிவில் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன், ஓமந்தூர்